பற்சிப்பி

பற்சிப்பி அல்லது எனாமல் என்பது பல்லில் ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியை மூடியிருக்கும் மேலுறை ஆகும். மனித உடலின் திசுக்களில் இதுவே மிகவும் கடினமானது. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் படிகங்கள். முறிந்த எலும்பு கூடும், பற்சிப்பி அப்படியன்று. அதை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், உடைந்த பகுதி மறுபடி வளராது.

சிதைவு

வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் கனிமம் கரையத் தொடங்கும். பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் ஓரளவு திரும்பப் படியச் செய்கிறது. இதற்குச் சிறிது நேரம் தேவை. எனவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட, நாளில் எத்தனை முறை என்பதே பெரிதும் கணக்கில் வரும். நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிக்கும் சர்க்கரைத் தேநீர் உமிழ்நீருக்கு அவகாசம் தருவதில்லை. 'பூச்சிப்பல்' என்ற பெயர் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டாலும், சொத்தைப் பல்லில் பூச்சியோ புழுவோ இருப்பதில்லை.

எலுமிச்சைச் சாறு, குளிர்பானம், எதுக்களித்து வரும் இரைப்பை அமிலம் ஆகியன பாக்டீரியாவின் உதவியின்றியே பற்சிப்பியை அரிக்கும். அந்நேரம் மேற்பரப்பு மென்மையாக இருப்பதால், வாயை நீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குவது நல்லது. செங்கல் தூள், கரித்தூள் ஆகியவற்றால் அழுத்தித் தேய்த்தால் பல் வெளுப்பதுபோல் தோன்றும்; உண்மையில் தேய்ந்துகொண்டிருக்கும்.

புளோரைடு

பற்பசையிலுள்ள புளோரைடு படிகங்களில் சேர்ந்து, அமிலத்தை மேலும் தாங்கும் புளோரோஅபடைட்டாகிறது. பெரியவர்களுக்கான பற்பசையில் இது பொதுவாக 1000 முதல் 1500 பி.பி.எம். வரை இருக்கும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், நிறைய நீரால் கொப்பளித்தால் புளோரைடும் போய்விடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பசையே போதுமானது.

அளவு மிஞ்சினால் இதே புளோரைடு கேடு செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் இது மிகுந்திருந்ததால், குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அங்கே கொண்டுசென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகிச்சை

சொத்தையின் முதல் அடையாளம் குழியன்று; சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் புள்ளி. இந்நிலையில் புளோரைடு பூச்சும் முறையான துலக்கலும் சிதைவை நிறுத்தக்கூடும். குழி விழுந்தபின் சொத்தையை அகற்றி அடைக்க வேண்டும். பற்கூழ் வரை பரவினால் வேர் சிகிச்சையும், பெரும்பாலும் அதன்மேல் உறையும் தேவைப்படும்.

பல நாள் வலித்த பல் மருந்தின்றித் தானாக அடங்கினால், பல நேரங்களில் பற்கூழ் இறந்துவிட்டது என்று பொருள். அதன்பின் தொற்று வேர்நுனி வழியாகத் தாடையில் சீழ்க்கட்டியாகப் பரவலாம்.