மலிவும் மதிப்பும்

இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபோது அக்கருவி மெய்யாகவே ஒரு பெட்டி. இன்று அது சுவரிலே தொங்கும் பலகை. பெயரோ பெட்டியென்றே நிலைத்தது. எள்ளின் நெய்யைக் குறித்த எண்ணெய் என்னுஞ் சொல் பிறவற்றுக்கும் ஆனமை போன்றதே இதுவும்.

பெருந்திரையை மலிவாகப் பெற விழைவோர்க்கு நான் கூறுவது இது: 55 அங்குலம் என்பது அகலமன்று, மூலைவிட்டம். அகலம் ஏறத்தாழ 48 அங்குலம், உயரம் 27. 43 அங்குலத் திரையினும் பரப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு. ஆதலின் விலையைப் பரப்போடு ஒப்பிடுக. புதிய வகை வருங்கால் பழையது விலை குறைதல் இயல்பு. கழிவுச் சீட்டில் வெட்டிக் காட்டும் முன்விலையோ பிற கடைகளிலும் கேட்டறியத்தக்கது.

பிள்ளைகள் படிக்கும் ஒரே அறையை அடைத்துக்கொள்ளுந் திரை, இலவசமாய் வரினும் விலை மிகுந்ததே.