அரசாங்க உதவியும் தாய்ப்பாலும்

பச்சைக் குழந்தைக்கு எதனை ஊட்டுவது என்பதைத் தாயின் மனமே முடிவு செய்கிறது என்று நாம் பொதுவாக எண்ணி வருகிறோம். மனமுள்ளவள் தாய்ப்பால் கொடுப்பாள், மனமில்லாதவள் புட்டியை நாடுவாள் என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் விடியற்காலையில் கட்டட வேலைக்குப் புறப்படும் ஒருத்தியின் வீட்டில் அம்முடிவைச் செய்வது மனம் மட்டுமன்று. வேலை எத்தனை மணிக்கு, கூலி எவ்வளவு, குழந்தையை வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், தெருக்கோடிக் கடையில் பால்மாவு டின் என்ன விலை என்பனவெல்லாம் அம்முடிவில் கலந்திருக்கின்றன. இவற்றுள் சிலவற்றை மாற்றும் வல்லமை அரசாங்கத்துக்கு உண்டு. ஆகவே, ஏழைத் தாய்மார்க்கு அரசாங்கம் அளிக்கும் உதவி அவர்கள் குழந்தைக்குப் பாலூட்டும் முறையையே மாற்றிவிடுமா என்னும் கேள்வி எழுகிறது. இதனை ஆராய்வதற்கு முதற்கண் ஐக்கிய அமெரிக்க நாட்டுக்குச் செல்வோம். இக்கேள்வி மிக நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வருவது அங்கேதான்.

அமெரிக்காவில் 'விக்' என்று சுருக்கமாக வழங்கும் திட்டம் ஒன்று உண்டு. வருவாய் குறைந்த கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குத் துணையுணவு வழங்குவது அதன் நோக்கம். 1972-இல் சோதனையாகத் தொடங்கி, 1975-இல் நிலையான திட்டமாயிற்று. பல ஆண்டுகளாக அந்நாட்டில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதி இத்திட்டத்தின் நிழலிலேயே வளர்ந்தன என்றால் அதன் அளவு விளங்கும். இத்திட்டத்தின்கீழ்ப் பால், முட்டை, தானியம், பழச்சாறு முதலியவற்றோடு, தாய்ப்பால் குடிக்காத குழந்தைக்குப் பால்மாவும் விலையின்றிக் கிடைத்து வருகிறது. அந்நாட்டில் விற்பனையாகும் பால்மாவில் பாதிக்கு மேற்பட்ட பகுதி இத்திட்டத்தின் வழியாகவே போய்ச் சேர்ந்ததென்று கணக்கிட்டிருக்கிறார்கள். தாய்ப்பாலே சிறந்தது என்று ஒரு கையால் அறிவுரைத் தாள் கொடுக்கும் அரசாங்கம், மறு கையால் உலகிலேயே மிகுதியான பால்மாவை வாங்கிக் கொடுக்கிறதே என்று சிலர் கேட்டதில் வியப்பில்லை.

இத்திட்டத்தில் சேர்ந்த தாய்மாரிடையே தாய்ப்பாலூட்டும் வழக்கம் மற்றவரிடையே இருப்பதைவிடக் குறைவு என்பது பன்முறை கண்ட உண்மை. இலவச டின்னே இதற்குக் காரணம் என்று உடனே கூறிவிடலாமா? மருத்துவமனையில் நோயாளிகள் மிகுதி என்பதனால் மருத்துவமனையே நோயைத் தருகிறது என்று சொல்வதை ஒக்கும் அது. இத்திட்டத்துக்கு வருகிறவள் பெரும்பாலும் வயதிற் குறைந்தவள். படிப்பும் வருவாயும் குறைந்தவள், சம்பளத்தோடு விடுப்புத் தராத வேலையில் இருப்பவள். திட்டம் இல்லாவிடினும் அவள் புட்டியைத்தான் எடுத்திருப்பாளோ என்னவோ? எனவே, சேர்ந்தவரையும் சேராதவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவதால் விடை கிடைப்பதில்லை. அரசாங்கம் விதியை மாற்றியபோது தாய்மார் என்ன செய்தனர் என்று நோக்குவதே நேர்வழி.

அத்தகைய மாற்றம் 2009-இல் நிகழ்ந்தது. அதற்கு முன்னர், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கிடைத்த டின்களின் கடை மதிப்பு, தாய்ப்பால் கொடுப்பவளுக்குக் கிடைத்த உணவுப் பொருள்களின் மதிப்பைவிட மிக அதிகம். இந்தக் கணக்கை எந்தக் குடும்பத் தலைவியும் ஒரு நொடியில் போட்டுவிடுவாள்! 2009-இல் இதனைச் சரிசெய்ய முயன்றனர். முழுதும் தாய்ப்பாலூட்டுபவளுக்கு மிகுதியான உணவும், ஓராண்டு வரை உதவியும் என்று விதித்தனர். புட்டியை மட்டுமே நாடுபவளுக்கு ஆறு மாதத்தோடு உதவி நின்றுவிடும். பாதி தாய்ப்பால், பாதி புட்டி என்போர்க்கு முதல் மாதத்தில் பொதுவாகப் பால்மாவு தருவதில்லை என்றும் வகுத்தனர். இதற்கு உடலியலில் நல்ல காரணம் உண்டு. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். முதல் வாரங்களில் புட்டி புகுந்தால் குழந்தை உறிஞ்சுவது குறையும். அதனால் சுரப்பு குறையும். பால் போதவில்லை என்று கருதி இன்னொரு புட்டி கரைப்பார்கள். இவ்வாறு சில நாட்களிலேயே பால் வற்றிவிடுவதை நம் வீடுகளிலும் கண்டிருக்கிறோம்.

விளைவு என்னாயிற்று? பாதிப் பாதி என்றிருந்தவர் கூட்டம் சுருங்கியது. அவர்களுள் சிலர் முழுத் தாய்ப்பாலின் பக்கம் சென்றனர். வேறு சிலரோ முழுப் புட்டியின் பக்கம் சென்றுவிட்டனர். பிள்ளை பெற்றதும் தாய்ப்பாலூட்டத் தொடங்குவோரின் தொகையில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. உணவுப் பொட்டலத்தின் அளவு தாயின் முடிவைச் சற்று அசைக்கிறது என்பதும், அசைத்த திசையெல்லாம் நாம் விரும்பிய திசையாக இருப்பதில்லை என்பதும் இதனாற் புலனாகின்றன.

இதனினும் தெளிவான சான்று, உணவைப் பற்றியதல்லாத வேறொரு சட்டத்திலிருந்து கிடைக்கிறது. 1996-இல் அமெரிக்க அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்கு அளித்துவந்த பண உதவியின் விதிகளைத் திருத்தியது. உதவி பெறும் தாய் வேலைக்குச் சென்றாக வேண்டும் என்பது புதிய விதி. கைக்குழந்தை உள்ளவளுக்கு எத்தனை மாதம் விலக்களிப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்தது. சில மாநிலங்கள் ஓராண்டு விலக்களித்தன. சில மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொண்டன. கடுமையாக நடந்த மாநிலங்களில் தாய்ப்பாலூட்டுவது குறைந்தது. இத்திருத்தம் வாராதிருந்தால், 2000-ஆம் ஆண்டில் ஆறு மாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலூட்டும் வீதம் நாடு முழுவதிலும் சுமார் ஐந்தரை விழுக்காடு கூடுதலாக இருந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். இச்சட்டத்தை எழுதியவர்கள் தாய்ப்பாலைப் பற்றி எண்ணியே இருக்கமாட்டார்கள். ஆயினும் அவர்களுடைய பேனா குழந்தையின் வாய்வரை எட்டிவிட்டது.

பணத்தையே நேராகக் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் தாய்ப்பாலூட்டும் வழக்கம் குன்றியிருந்த 92 வட்டாரங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில், தாய்ப்பாலூட்டும் தாய்மார்க்கு ஐந்து கட்டங்களில் மொத்தம் 200 பவுன் மதிப்புள்ள கடைச் சீட்டுகள் வழங்குவதாக அறிவித்தனர். மற்றப் பிரிவில் வழக்கமான கவனிப்பே. குழந்தைக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆனபோது, சீட்டு வழங்கிய வட்டாரங்களில் 100-க்கு 37.9 பேரும், மற்றவற்றில் 31.7 பேரும் தாய்ப்பாலூட்டிக்கொண்டிருந்தனர். 2017-இல் வெளியான இம்முடிவு சிறியதுதான். ஆனால் ஐயத்துக்கிடமில்லாதது. தாய்மையை விலை பேசுவதா என்று அந்நாட்டுப் பத்திரிகைகளில் பலர் சினந்தெழுதினர். எமக்கு அச்சினம் முழுதும் நியாயமாகத் தோன்றவில்லை. டின்னுக்கு விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் உலகம், தாய் செலவிடும் நேரத்துக்கு மட்டும் விலையில்லை என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் அரசாங்கம் வேறு வழியை மேற்கொண்டது. பால்மாவை வாங்கிக் கொடுப்பதை விட்டு, தாய்க்கு உணவு கொடுக்க முற்பட்டது. 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டமும், 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இதற்கு அடிப்படை. கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை தாய்க்கும் நாளொன்றுக்கு 600 கலோரி அளவுள்ள உணவை அச்சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. தாய்ப்பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவையென்று நம் ஊட்டச்சத்து வல்லுநர் கூறும் அளவும் 600 கலோரியே. மெலிந்த தாய்க்குப் பால் சுரக்காது என்பது தவறான எண்ணம். மிகக் கொடிய பஞ்சத்தில் தவிரப் பால் சுரந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அது அவள் உடம்பை அரித்துக்கொண்டு சுரக்கும். அவ்வுணவு காப்பது பாலை மட்டுமன்று, தாயையும்தான்.

பால்மாவுக் கம்பெனிகளின் விளம்பரத்தையும் நம் நாடு கட்டுப்படுத்தியது. 1992-இல் இயற்றி 2003-இல் திருத்திய சட்டத்தின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவையோ, புட்டியையோ விளம்பரம் செய்தலும், மருத்துவமனைகளில் இலவச மாதிரி வழங்குதலும் குற்றம். டின்னின்மேல் கொழுகொழுவென்ற குழந்தையின் படம் இருத்தலும் கூடாது. ஏழைக் குடும்பத்தில் பால்மாவின் ஆபத்து அதன் விலையோடு நிற்பதில்லை. ஒரு வாரத்துக்கான டின்னை இரண்டு வாரம் இழுக்க வேண்டித் தண்ணீரை மிகுதியாகக் கலப்பார்கள். அத்தண்ணீரும் கொதிக்க வைத்ததாக இராது. குழந்தை வயிறு நிறைந்து பசியோடு கிடக்கும். எனினும், தாயை இழந்த குழந்தைக்கும், மருத்துவர் விலக்கிய நிலையிலுள்ள தாயின் குழந்தைக்கும் பால்மாவே உயிர். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டபோது நாடெங்கும் பால்மாவுப் பஞ்சம் ஏற்பட்டு, அத்தகைய குடும்பங்கள் கடை கடையாக அலைந்தன. 'விக்' திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஒரே கம்பெனியோடு ஒப்பந்தம் செய்திருந்ததனால் ஏழைகளின் அலைச்சல் இன்னும் மிகுந்தது.

நம் நாட்டில் விளைந்த பயனை எண்களால் அறியலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை, 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வில் 100-க்கு 54.9. 2019-21 ஆய்வில் அது 63.7 ஆயிற்று. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் முன்னைய ஆய்வில் 41.6, பின்னதில் 41.8. அதே இடைவேளையில் மருத்துவமனைப் பிரசவம் 78.9-லிருந்து 88.6-ஆக உயர்ந்திருக்கிறது. பிரசவம் மருத்துவமனைக்கு வந்துவிட்டது, சீம்பால் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது! சர்க்கரைத் தண்ணீரும் தேனும் சேனையாகத் தொட்டுவைக்கும் வழக்கத்தை நாம் ஊர்விட்டு ஊர் வந்த பின்னும் மூட்டையோடு கொண்டுவந்திருக்கிறோம். இதற்கு அரசாங்கப் பணம் தேவையில்லை. பிரசவ அறையில் உள்ள செவிலியின் ஒரு சொல் போதும்.

பணத்தைப் பற்றியும் பார்ப்போம். 2010-இல் சோதனையாகச் சில மாவட்டங்களில் தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டத்தில், குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும் என்பதும் கடைசித் தவணைக்கு ஒரு நிபந்தனை. அதற்குச் சான்று கூறவேண்டியவளும் தாயே. தவணைப் பணம் வேண்டியிருக்கும்போது எந்தத் தாய் இல்லையென்பாள்? 2017-இல் நாடு முழுவதற்கும் வந்த பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் முதற் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று வகுத்தனர். இதனை ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 28 ரூபாய்கூட இல்லை. பல வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவளோ, கல் சுமப்பவளோ ஒரு நாள் கூலியை விட்டு வீட்டிலிருக்க இது ஈடாகுமா? மறுபுறம், 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 12 வாரமாக இருந்த சம்பள விடுப்பை 2017-இல் 26 வாரமாக உயர்த்தியது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதனையே மேற்கொண்டது. 26 வாரம் என்பது ஆறு மாதம். தாய்ப்பால் மட்டுமே ஊட்டவேண்டிய காலமும் அதுவே. ஆனால் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் முறையாகப் பெயர் பதிந்தவளுக்குத்தான் அது எட்டும். வீட்டு வேலை செய்பவளுக்கும், ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலி பெறுபவளுக்கும் அது ஏட்டளவில்தான். ஆக, கையில் பொருளுடையவள் நேரத்தைப் பெறுகிறாள். இல்லாதவள் 28 ரூபாயைப் பெறுகிறாள்.

வேலையிடத்திலேயே குழந்தையை வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் இக்குறை ஓரளவு நீங்கும். 1969-இல் தில்லி ராஜகாட்டில் கட்டட வேலை நடந்த இடத்திலேயே மீரா மகாதேவன் அம்மையார் தொழிலாளரின் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார். அரசாங்கத்தின் 'பால்னா' காப்பகங்கள் பின்னர் வந்தவை. ஆயின், அவை ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளையே ஏற்கின்றன. தாய்ப்பால் ஒன்றே உணவாயிருக்கும் முதல் ஆறு மாதத்துக்கு அங்கும் இடமில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு மேலும் ஓர் இடர் உண்டு. மும்பையிலோ, பெங்களூரிலோ கருவுற்ற பெண் ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்குச் செல்கிறாள். பிரசவமாகிச் சில மாதங்கள் கழித்துத் திரும்புகிறாள். தமிழ்நாட்டில் 1987 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேற்று உதவி வழங்கி வருகிறார்கள். 2018-இல் அது ஊட்டச்சத்துப் பெட்டகம் உள்பட 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஆயினும் கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே கிராமச் செவிலியிடம் பதிந்தவளுக்கே அது முழுமையாகக் கிடைக்கும். ஏழாம் மாதத்தில் ரயிலேறி வந்தவளின் பெயர் அங்கே இராது. இங்கோ, அவள் ஊரில் இல்லாத மாதங்களில் அங்கன்வாடி உணவும் நின்றிருக்கும். இரண்டு மாநிலத்துப் பிள்ளையாகப் பிறந்தும், இரண்டிடத்தும் உதவி தவறிப் போகிறது. திரும்பி வந்ததும் கூலி வேலையும் தொடங்கிவிடுகிறது. பாட்டியோ ஊரிலேயே தங்கிவிட்டாள். அப்போதுதான் கடை டின் வீட்டுக்குள் நுழைகிறது.

இதற்குச் சில வழிகள் உள்ளன. அங்கன்வாடிப் பதிவு இப்போது 'போஷன்' என்னும் கணினி ஏட்டில் இருப்பதால், ஒரு மையத்திலிருந்து மற்றொரு மையத்துக்கு, மாநிலம் கடந்தும், தாயின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஊருக்குப் புறப்படுமுன் இங்குள்ள பணியாளரிடம் சொல்லி மாற்றச் செய்வதும், திரும்பியதும் மறுபடி கேட்பதும் நம் பொறுப்பு. தாய் சேய் நல அட்டையைப் பெட்டியின் அடியில் வைத்துவிடாமல் கையோடு கொண்டுசெல்லுதல் வேண்டும். கணவரோ, அண்டை வீட்டாரோ உள்ளூர் மொழி அறிந்தவராயின், முதல் நாள் அவரும் உடன் சென்று பெயரைப் பதிந்து வருவது நலம். பிரசவத்துக்கு முன் வேலைக்கமர்த்தியவரிடம் விடுப்பைப் பற்றி எழுத்தில் கேட்கும் துணிவும், 15 மாதம் வரை வேலை நடுவே இருமுறை பாலூட்டும் இடைவேளை சட்டத்தில் உண்டு என்னும் அறிவும் தொழிற்சாலைப் பெண்களுக்கு வேண்டும்.