துபாய்க் கார்டும் ஆம்பூர்ச் செலவும்

"உங்களுக்கென்ன அக்கா, வீட்டுக்காரர் துபாயில இருக்காரு!" எங்கள் தெருவில் இப்படிச் சொல்லாதவர்கள் கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கங்களில் வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனியில் இருப்பார். இல்லையென்றால் வளைகுடாவில் இருப்பார். பணம் அனுப்புவது அவர்கள் பாடு. அதைப் பிடித்து வைப்பது நம் பாடு. நான் பிடித்து வைக்கத் தவறிய கதையை, என் போன்ற சகோதரிகளுக்கு உபயோகப்படட்டுமே என்று எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இங்கே ஒரு டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர். 2014-ல் துபாய் போனார். பிறகு நானும் பையனும் இரண்டு வருஷம் கூட இருந்தோம். அங்கே ஒரு பாங்கில் அவருக்குக் கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். அதோடு சேர்ந்தாற்போல் என் பெயருக்கும் ஒன்று. பையனைப் பத்தாவதில் சேர்க்க 2017-ல் ஊர் திரும்பியபோது அந்தக் கார்டும் என் கைப்பையில் வந்து சேர்ந்தது. வினை அங்கேதான் ஆரம்பம்.

மறு வருஷம் மாமியாருக்கு வேலூரில் ஆபரேஷன். பில் 40,000 ரூபாய். கார்டை நீட்டினேன், ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. "என்னங்க, கார்டுல போட்டுட்டேன்" என்றேன் போனில். "சரி சரி, அம்மாவை நல்லா பாத்துக்க" என்றார். எத்தனை சௌகரியம் என்று நினைத்தேன். பிறகு ஃபிரிட்ஜ், பையனின் பீஸ், நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய், புடவை எல்லாம் அதே கார்டில்தான்.

ரூபாய் திர்ஹாமான கதை

அந்தக் கார்டு திர்ஹாம் கார்டு. இங்கே ரூபாயில் செலவழித்தால் அதைத் திர்ஹாமாக மாற்றித்தான் பில் போடுவார்கள். மாற்றுவதற்கு ஒரு கட்டணம் உண்டு. எங்களுக்கு நூற்றுக்கு மூன்று. அதாவது 40,000 ரூபாய் ஆஸ்பத்திரி பில்லுக்கு 1,200 ரூபாய் தண்டம்! அவரோ ரூபாயாக்கி அனுப்ப வேண்டிய சம்பளத்தைத் திர்ஹாமாகவே கார்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ஊர்ச் செலவுக்கு ஊர்ப் பணம் இருந்தால் போதும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் போட்டிருப்பது. அதைக் கட்டினால் கடன் தீரும் என்று நம்பினோம். கணக்குப் பாருங்கள். பாக்கி ஒரு லட்சம், குறைந்தபட்சம் நூற்றுக்கு ஐந்து என்றால் 5,000 கட்டுகிறோம். மாதம் மூன்று வட்டி வீதம் 3,000 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 2,000தான். பாக்கி நிற்கிற வரையில் புதிதாக வாங்குகிற சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நம் தெருவில் ஒருவர் மூன்று வட்டி கேட்டால் 'அநியாய வட்டி' என்று வைவோம். பளபளப்பான அட்டை கேட்டால் வாய் திறப்பதில்லை!

2020-ல் கொரோனா வந்தது. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். கணக்குத் தீர்த்துக் கொடுத்த கிராஜுவிட்டிப் பணம் பாங்கில் விழுந்ததும் கார்டு பாக்கிக்குப் பிடித்துக்கொண்டார்கள். பையனின் காலேஜுக்கென்று நாங்கள் நம்பியிருந்த பணம் அது. அவர் கைப்பெட்டியோடு வந்து இறங்கினார். "எல்லாம் என் தப்பு" என்றார். கார்டை நீட்டிய கை என்னுடையதுதானே? என் நாலு வளையலும் அடகுக்குப் போயின. மூன்றை மீட்டேன். ஒன்று ஏலத்தில் போய்விட்டது.

மறுபடி போனபோது

2022-ல் அவருக்கு மீண்டும் அங்கே வேலை கிடைத்தது. இந்தத் தடவை நோட்டும் பேனாவுமாக பாங்குக்கு நான் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். "அம்மா, சார் வெளிநாடு போயிட்டா, இங்க இருக்கற சாதாரண சேவிங்ஸ் கணக்கை அப்படியே வச்சுக்கக் கூடாது. என்.ஆர்.ஓ.வா மாத்தணும்."

அன்று நான் எழுதிக்கொண்டது இது:

என்.ஆர்.இ. கணக்கு: வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு. ரூபாயில் இருக்கும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு இதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் போகலாம்.

என்.ஆர்.ஓ. கணக்கு: வாடகை போல இங்கேயே வரும் வருமானத்துக்கு. வட்டிக்கு வரி உண்டு. நூற்றுக்கு 30-ம் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். நான் வீட்டில் ஷூ அப்பர் தைத்துச் சேர்த்த கூலியை அவருடைய என்.ஆர்.இ. கணக்கில் போடப் போனேன். "கூடாதும்மா, உங்க கணக்கில போடுங்க" என்று திருப்பிவிட்டார்கள்.

எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்: டாலர் போன்ற அயல்நாட்டுப் பணத்திலேயே 1 முதல் 5 வருஷம் வரை போட்டு வைப்பது. இது டெபாசிட்தான், கைச்செலவுக்கு ஆகாது.

கார்டு வாங்கும் முன் கேட்க வேண்டியவை

• எந்த ஊரில் அதிகம் செலவோ, அந்த ஊர்ப் பணத்தில் உள்ள கார்டுதான் சரி. அங்கே அவருக்குத் திர்ஹாம் கார்டு, இங்கே நமக்கு ரூபாய்க் கார்டு.

• மாற்றுக் கட்டணம் நூற்றுக்கு எத்தனை? நம் நாட்டு பாங்க் கார்டை வெளிநாட்டில் உபயோகித்தாலும் உண்டு. பெரும்பாலும் 2 முதல் 3.5 வரை, அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு.

• வெளிநாட்டுக் கடையில் "ரூபாயில் போடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். கேட்க இனிப்பாக இருக்கும். அவர்கள் வைப்பதுதான் விலை. அந்த ஊர்ப் பணத்திலேயே போடுவது மேல்.

• கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். தனிக் கட்டணத்தோடு அன்றைக்கே வட்டி ஆரம்பம்.

• நம் பெயரில் கூடுதல் கார்டு இருந்தாலும் கடன் அவர் தலையில்தான். வளைகுடாவில் பாக்கி நின்றால் கோர்ட் மூலம் பயணத் தடைகூட வாங்க முடியும்.

• 1997 முதல் திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். டாலர் ஏறினால் அனுப்பும் பணத்துக்குக் கூடுதல் ரூபாய். ஆனால் திர்ஹாமில் கடனை வைத்துக்கொண்டு ரூபாயில் அடைக்க நேர்ந்தால் அதே ஏற்றம் நம்மைக் கடிக்கும்.

• நாமினேஷன் எழுதியாயிற்றா? நமக்குக் கொடுத்த பவர் பத்திரம் அவர் காலம் வரைதான் செல்லும். இதைப் பேசவே மனம் கூசும். ஆனாலும் பேசுங்கள்.

• அவர் ஊரோடு திரும்பிவிட்டால் உடனே பாங்கில் சொல்லிக் கணக்குகளை மாற்ற வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில்

அவர் பணம் என்.ஆர்.இ. கணக்குக்கு வருகிறது. மாதம் முதல் வாரத்தில் வீட்டுச் செலவுக்கானது மட்டும் என் சேவிங்ஸ் கணக்குக்கு மாறும். என் சாதாரண ரூபாய்க் கார்டில் மளிகை, மருந்து எல்லாம் நடக்கிறது. மாற்றுக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. அவரிடம் ஒரே ஒரு திர்ஹாம் கார்டு. மாதக் கடைசியில் பில்லைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். 'முழுசும் கட்டியாச்சா?' என்பதுதான் போனில் என் முதல் கேள்வி. "முதல்ல சாப்டியான்னு கேளேன்!" என்று சிரிப்பார்.

அந்தப் பழைய கார்டைக் கத்தரித்துப் போட்டுவிட்டேன். கையில் மூன்று வளையல்தான் இருக்கின்றன. நாலாவதை வாங்கச் சீட்டுப் போட்டிருக்கிறேன். பையன் வேலைக்குப் போகும் முன் அவனுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். நீங்களும் அடுத்த தடவை போன் வரும்போது உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: "ஏங்க, நம்ம கார்டு எந்தப் பணத்துல இருக்கு? பாக்கி எவ்வளவு?" கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டுக் கணக்கு நம் கணக்கும்தானே!