ஏவாள் பறித்தது ஆப்பிளா?

தேனி மாவட்டம் உத்தமபாளையத்தை அடுத்த அனுமந்தன்பட்டி, கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாக வாழும் ஊர். சுற்றிலும் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். இந்தத் திராட்சையை 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆப்பிள் என்றால் கடையில் வாங்குவதுதான். ஆனாலும், 'ஏவாள் எந்தப் பழத்தைச் சாப்பிட்டாள்?' என்று கேட்டால், இங்கேயும் வரக்கூடிய பதில் ஆப்பிள்தான். காலண்டர் படங்களின் உபயம்!

பைபிளில் அப்படி இல்லை. கத்தோலிக்கர்களின் 'தொடக்க நூல்', சீர்திருத்த சபையினரின் 'ஆதியாகமம்' இரண்டிலுமே பழத்துக்குப் பெயர் கிடையாது.

பெயர் இல்லாவிட்டால் விட்டுவிடுவார்களா? யூத ரபிகள் அன்றே விவாதித்தார்கள். 'கோதுமை' என்றார் ஒருவர். 'அத்தி' என்றார் இன்னொருவர். இருவரும் அத்தி இலையைத்தானே தைத்து உடுத்தினார்கள்! ரபி மெயிர் சொன்னது திராட்சை. மதுவைப் போல மனிதனுக்கு அழுகையைக் கொண்டுவருவது வேறில்லை என்பது அவர் வாதம். டாஸ்மாக்கால் தவிக்கும் குடும்பங்களுக்கு இது எளிதில் புரியும்.

பிறகு ஆப்பிள் எப்படி நுழைந்தது? லத்தீனில் 'மாலும்' என்ற சொல்லுக்குத் தீமை என்றும், உச்சரிப்பைச் சற்று நீட்டினால் ஆப்பிள் என்றும் பொருள். அதனால், பைபிளை லத்தீனுக்குக் கொண்டுவந்த புனித ஜெரோம் மீதே பழி விழுந்தது. ஆனால், அவர் எழுதியது 'ஃப்ருக்டுஸ்', வெறும் பழம்தான். பழைய பிரெஞ்சில் 'பழம்' என்ற பொதுச் சொல் பின்னாளில் ஆப்பிளை மட்டும் குறிக்கத் தொடங்கியதே காரணம் என்கிறார் அமெரிக்கப் பேராசிரியர் அஸ்ஸான் யாதின்-இஸ்ரேல், 2022-ல் வெளியான நூலில். ஏற்கத் தக்க விளக்கம்தான்.

ஆப்பிள் விஷயத்தில் ஜெரோம் நிரபராதி. ஆனால், அவர் விட்டுவிட்ட ஒரு சொல் உண்டு. ஏவாள் பழத்தைத் 'தன்னுடன் இருந்த' கணவனுக்குக் கொடுத்தாள் என்கிறது எபிரேய மூலம். ஜெரோமின் லத்தீனில் அந்த 'தன்னுடன்' இல்லை. பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவற்றிலும் இல்லை. ஆதாம் எங்கோ இருந்ததுபோலவும், ஏவாள் தேடிப் போய்க் கெடுத்ததுபோலவும் கதை மாறியது. 'பெண் புத்தி' என்று பேசுகிறவர்களுக்கு வசதியாகிவிட்டது. பெண்களைச் சாத்தானின் வாசல் என்றே எழுதினார் தெர்த்துல்லியன். ரோமருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் ஆதாமைத்தானே சுட்டினார்? அது பலருக்கும் நினைவில் நிற்பதில்லை.

இதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. பாம்பு பேசும்போது 'நீங்கள்' என்கிறது. ஆங்கிலத்தில் ஒருமையா பன்மையா என்று தெரியாது, தமிழில் தெரிகிறது. பாம்பு ஏவாளுக்கு மரியாதை கொடுத்தது என்று எண்ண வேண்டாம். எபிரேயத்திலும் அது பன்மை. பேச்சு இருவரையும் சேர்த்துத்தான்.

கடவுளின் விசாரணையும் ஆதாமிடம்தான் தொடங்குகிறது. அவனோ, 'நீர் எனக்குத் தந்த பெண்தான் கொடுத்தாள்' என்கிறான். மனைவி மீது ஒரு பழி, அவளைத் தந்தவர் மீது இன்னொன்று. பக்கத்திலேயே நின்றும் ஏன் தடுக்கவில்லை என்பதற்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை.