சுவரை மூடும் முன் ஒரு நாள் பொறுங்க! புது வீட்டில் தண்ணீர் கசிவைத் தடுப்பது எப்படி?

பால் காய்ச்சி குடிவந்து 4 மாதம்கூட ஆகியிருக்காது. படுக்கை அறை சுவரில் கை அகலத்துக்கு ஈரம் தெரியும். "புது சுவருதானே, காய்ஞ்சிடும்" என்று விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் பெயிண்ட் உப்பி, பொருக்கு பொருக்காக உதிரும். பிளம்பர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாத்ரூம் டைல்ஸை உடைச்சாத்தான் தெரியும்ணே" என்பார்.

நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து, மேஸ்திரியையும் பிளம்பரையும் தானே பிடித்து வீடு கட்டியவருக்கு இதைக் கேட்டால் தலை சுற்றிவிடும். கோளாறு இருப்பது என்னவோ சில ரூபாய் பெறுமான ஒரு எல்போவில்தான். அதைச் சரிசெய்ய டைல்ஸ், பூச்சு, பெயிண்ட், ஆள் கூலி என்று பல ஆயிரம் கரைந்துவிடும். அதே டைல்ஸ் மறுபடி கடையில் கிடைப்பதும் சந்தேகம்தான்.

இந்தத் தலைவலியில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அதற்கு ஒரே ஒரு விதிதான். சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் மறையப் போகிற எதையும், மூடுவதற்கு முன்பே தண்ணீர் விட்டுப் பார்த்துவிட வேண்டும். அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

"டேங்க் தண்ணி விட்டுப் பார்த்தாச்சு" போதாது

சுவரில் காடி வெட்டி பைப் பதித்ததும் பிளம்பர் மொட்டை மாடி டேங்கைத் திறந்து விடுவார். எங்கும் ஒழுகவில்லை. "ஓகே சார், பூசிடலாம்" என்பார். இது அரைகுறை சோதனை.

காரணம் இதுதான். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் கீழே சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடி டேங்கில் இருந்து கீழ் வீட்டுக் குழாய்க்கு 12, 13 அடிதான் உயரம். அழுத்தம் அரை கிலோவைக்கூட தொடாது. பசை சரியாகப் பிடிக்காத இணைப்பும் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். பிறகு ஷவரில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று பிரஷர் பம்பு வைப்பீர்கள். அழுத்தம் 2 கிலோவுக்குப் போகும். அன்றைக்குத்தான் சுவர் அழ ஆரம்பிக்கும்.

அதனால் பிரஷர் டெஸ்ட் அவசியம். எல்லா முனைகளிலும் டம்மி போட்டு அடைத்து, பைப்பில் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, கையால் அடிக்கும் டெஸ்ட் பம்பை மாட்ட வேண்டும். சி.பி.வி.சி. பைப்புக்கு வழக்கமாக 150 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 10 கிலோ வரை ஏற்றி 1 மணி நேரம் விடுவார்கள். மீட்டர் முள் இறங்காமல் நின்றால் பாஸ். இறங்கினால் எங்கோ கசிகிறது. சுவர் திறந்து இருப்பதால் இடத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பசை ஒட்டிய மறுநாள் இதைச் செய்வது நல்லது. பம்பு இல்லை என்று பிளம்பர் சொன்னால் வாடகைக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். காற்றை அடைத்து டெஸ்ட் செய்ய விடாதீர்கள். பைப் வெடித்தால் துண்டு தெறித்து கண்ணில் அடிக்கும்.

ஒரே டப்பா பசை ஆபத்து

சி.பி.வி.சி.க்கு ஒரு பசை, பி.வி.சி.க்கு வேறு பசை. மிச்சம் இருக்கிற டப்பாவையே இரண்டுக்கும் தடவினால் இணைப்பு நிற்காது. கீசரில் இருந்து வரும் வெந்நீர் லைனுக்கு சாதா பி.வி.சி. பைப் போடக் கூடாது. சூட்டில் இளகிவிடும். குழாய் மாட்டும் இடத்தில் பித்தளை மரை உள்ள எல்போ வாங்குங்கள். பிளாஸ்டிக் மரையில் குழாயை முறுக்கினால் விரிசல் விழும். அந்த விரிசல் டைல்ஸுக்குப் பின்னால் இருப்பதால் வெளியே தெரியவே தெரியாது.

பாத்ரூம் பள்ளத்தில் தண்ணீர் தேக்குங்க

மாடி பாத்ரூம் என்றால் தளத்தை சுமார் 1 அடி பள்ளமாக இறக்கிப் போடுவார்கள். அந்தப் பள்ளத்துக்குள்தான் பைப்பும் நானி டிராப்பும் போகும். இந்தப் பள்ளம்தான் கீழ் வீட்டு சீலிங்கின் எதிரி.

முதலில் வாட்டர் புரூப் பூச்சு பூச வேண்டும். மூலைகளை வளைவாகப் பூசி, சுவரிலும் 1 அடிக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். அது காய்ந்த பிறகு பள்ளத்தில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழே போய் சீலிங்கைப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அடுத்த வேலை வேண்டாம். பைப் பதித்த பிறகு இன்னொரு தடவை தண்ணீர் கட்டிப் பாருங்கள். பைப் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும்.

பள்ளத்தை நிரப்ப கட்டட இடிபாட்டைக் கொட்டுவதும் வழக்கம். கூரான கான்கிரீட் துண்டு பூச்சைக் கிழித்துவிடும். செங்கல் ஜல்லியும் சாந்தும் போடுவதே நல்லது. பள்ளத்தின் அடிமட்டத்தில் ஒரு சிறிய வடிகால் பைப்பை வெளியே விட்டால், உள்ளே இறங்கிய தண்ணீர் தேங்காமல் போய்விடும். அந்த பைப்பில் தண்ணீர் சொட்டினால் உள்ளே கசிவு என்று முன்கூட்டியே தெரிந்தும் விடும்.

கோலிக்குண்டு டெஸ்ட்

குளித்துவிட்டு வந்த பிறகு பாத்ரூம் மூலையில் தண்ணீர் நிற்கிறதா? வாட்டம் சரியில்லை என்று அர்த்தம். 6 அடி நீள பாத்ரூமுக்கு முக்கால் இன்ச் வாட்டம் இருந்தால் போதும். டைல்ஸ் ஒட்டும்போதே ஒரு கோலிக்குண்டை உருட்டி விடுங்கள். எங்கே விட்டாலும் அது நானி டிராப்பை நோக்கி ஓட வேண்டும். சாந்து இறுகும் முன் என்றால் டைல்ஸைத் தூக்கி சரிசெய்வது 5 நிமிட வேலை. இறுகிவிட்டால் உடைக்க வேண்டியதுதான்.

கக்கூஸ் பைப் 4 இன்ச் என்றால் 10 அடிக்கு 2 முதல் 3 இன்ச் வாட்டம் கொடுங்கள். திருப்பத்தில் 90 டிகிரி பெண்டு ஒன்றைப் போடுவதற்குப் பதில் 45 டிகிரி பெண்டு இரண்டு போட்டால் அடைப்பு குறையும். வெளியே திருப்பம் வருகிற இடத்தில் எல்லாம் ஒரு சேம்பர் கட்டுங்கள். நாளைக்கு அடைத்துக்கொண்டால் மூடியைத் திறந்து குத்திவிடலாம். இல்லாவிட்டால் தரையைத்தான் தோண்ட வேண்டும்.

செப்டிக் டேங்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

செலவு மிச்சம் என்று அடியில் கான்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டு செப்டிக் டேங்க் கட்டுவோர் உண்டு. கழிவு நீர் மண்ணுக்குள் இறங்கி உங்கள் போருக்கும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். டேங்க்கின் அடியும் சுவரும் தண்ணீர் புகாதபடி இருக்க வேண்டும். அகலம் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. நீளம் அகலத்தைப் போல 2 முதல் 4 மடங்கு இருக்க வேண்டும்.

டேங்க்கில் இருந்து தெளிந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. அரை கிரவுண்டு மனையில் இது முடியாத காரியம். அப்படி இருந்தால் சம்பும் போரும் ஒரு மூலை, செப்டிக் டேங்க் எதிர் மூலை என்று வையுங்கள். பக்கத்து வீட்டு டேங்க் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் போர் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

சம்பு, செப்டிக் டேங்க் இரண்டையும் பயன்பாட்டுக்கு விடும் முன் தண்ணீர் நிரப்பி, சுவரில் கோடு போட்டு, மறுநாள் பாருங்கள். கோட்டில் இருந்து மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது.

உயிர் போகும், உள்ளே இறங்காதீங்க

புதுத் தொட்டிதானே என்று நினைக்காதீர்கள். கான்கிரீட் போட்டு பல நாள் மூடிக்கிடந்த தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்திருக்கிறார். ஈரப் பலகை மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். இதற்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. எல்லா மூடியையும் முந்தைய நாளே திறந்து வையுங்கள். ஊதும் விசிறியால் உள்ளே காற்று விடாமல், மேலே ஆளும் கயிறும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். ஒருவர் உள்ளே மயங்கினால் பின்னாலேயே குதிக்காமல் 101-க்கோ 108-க்கோ போன் செய்யுங்கள்.

பயன்பாட்டில் உள்ள செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்கவே கூடாது. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கி சுத்தம் செய்வது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுப்பதே வழி.

ஏற்கனவே ஒழுகுகிறதா?

உடனே உடைக்க ஆள் கூப்பிடாதீர்கள். ஈரம் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். இரவும் பகலும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் தண்ணீர் வரும் பைப்பில் கோளாறு. குளித்த பிறகு மட்டும் ஊறினால் டைல்ஸ் இடுக்கிலோ, நானி டிராப்பிலோ, கழிவு பைப்பிலோ கசிவு. மழைக்கு மட்டும் வந்தால் வெளிச் சுவர் விரிசலையும் மொட்டை மாடியையும் பாருங்கள். பைப் மீது சந்தேகம் என்றால் ராத்திரி எல்லா குழாயையும் மூடிவிட்டு டேங்க்கில் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் பைப் லைனில்தான் கசிவு.

கடைசியாக இரண்டு விஷயம். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டிப் பிடித்து செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பைப் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால் பிறகு ஆணி அடிக்கும்போது பயம் இல்லை. பிளம்பரிடம் கூலி பேசும்போதே, "டெஸ்ட் முடிஞ்சாத்தான் கடைசி பணம்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"நாளைக்கே பூசணும், ஆளுங்க சும்மா இருக்காங்க" என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். சுவரை உடைத்து பழுது பார்க்கும் செலவோடு பார்த்தால் அது கால் தூசி!