எஃப்-100-க்கு யார் கால்?

"முன்னால் என்ன போட்டிருக்கிறீர்கள்?" அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால், பெயிண்டையும் இன்ஜினையும் பேசி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். 1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100-இன் சொந்தக்காரரிடம் கேட்டால் பலவிதமான பதில் கிடைக்கும். ஒருவர் 1970-களின் மஸ்டாங் என்பார், இன்னொருவர் பிளைமவுத் வோலாரே என்பார், மூன்றாமவர் ஓய்வு பெற்ற போலீஸ் கார் என்பார்.

எஃப்-100 பார்க்க அழகு, ஓட்டத்தான் பாடு. அது பண்ணைச் சாமான் ஏற்றப் பிறந்த வண்டி. முன்னால் ஒரே துண்டாக அடித்துச் செய்த ஐ-பீம் ஆக்ஸில், அதன் இரு முனையிலும் கிங் பின், மேலே அடுக்குப் பட்டை ஸ்பிரிங். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரமும் சேர்ந்து சாயும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். கிராமச் சாலையில் மெதுவாகப் போக அது தாராளம். இன்றைய நெடுஞ்சாலை வேகத்தில் போனால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் ஏற்பாடு ஃபோர்டின் சாதாரணப் பிக்கப்புகளுக்கு 1965-இல்தான் வந்தது. அதனால் பழைய எஃப்-100 வைத்திருப்பவர்கள் காயலான் கடையில் கிடக்கும் வேறொரு வண்டியின் முன்பகுதியைக் கழற்றி வந்து, தங்கள் சேஸிஸில் வெல்டிங் வைக்கிறார்கள்.

எந்த வண்டி என்பதில்தான் சண்டை. ஆளாளுக்கு ஒரு கட்சி. ஆனால் இதில் பாதி வழக்கை ஒரு டேப்பே தீர்த்துவிடும். சஸ்பென்ஷனின் புகழ், விலை, வடிவம் எல்லாம் பிறகு. முதலில் அகலம்.

மஸ்டாங் II-வையே எடுத்துக்கொள்ளலாம். 1974 மாடலாக வந்த சின்ன கார் அது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தி பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்ற நேரம். முதல் மாடல் ஆண்டிலேயே 3,85,000-க்கு மேல் விற்றது. கார் ரசிகர்கள் அதை அன்றும் மதிக்கவில்லை, இன்றும் மதிப்பதில்லை. ஆனால் அதன் முன்பகுதியைப் பழைய வண்டி கட்டுபவர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். ஒரு குறுக்குச் சட்டம், நீளம் குறைந்த மேல் கை, கீழ்க் கை, நடுவில் காயில் ஸ்பிரிங், ஆக்ஸிலுக்கு முன்னால் ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக். கையடக்கமான ஒரு தொகுதி. பழைய மஸ்டாங் II-கள் தீர்ந்துபோன பிறகும் அதன் பேர் தீரவில்லை. இன்று 'மஸ்டாங் II கிட்' என்று விற்கப்படுபவற்றில் அந்தக் காரிலிருந்து கழற்றிய ஒரு போல்ட்கூட இருக்காது, எல்லாமே புதிதாகச் செய்தவை.

சிக்கல் இதுதான்: மஸ்டாங் II-வின் முன்சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் 55.6 அங்குலம். எஃப்-100-க்கு 60 அங்குலத்தை ஒட்டி வரும். அப்படியே மாட்டினால் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் உள்ளே போய், உருண்டு திரண்ட அந்த மட்கார்டுக்குள் டயர் ஒளிந்துகொள்ளும். பார்க்கச் சகிக்காது. உடனே சிலர் வெளியே துருத்தும் வீல் போட்டோ ஸ்பேசர் வைத்தோ சமாளிப்பார்கள். அதில் தோற்றம் சரியாகிவிடும், பளு வீல் பேரிங்கின் மேல் விழும். சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவே தூரம் கூடிப்போவதால், ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும்.

இன்னொன்று கனம். மஸ்டாங் II ஏறக்குறைய 1,300 கிலோ கார். அதன் அசல் பிரேக் டிஸ்க் ஒன்பது அங்குலத்தை ஒட்டிய சிறிய தட்டு, சக்கரத்துக்கு நான்கே நட்டு. வி-8 இன்ஜினும் கனத்த தகடும் கொண்ட பிக்கப்பை அதன்மேல் ஏற்றுவது நியாயமில்லை. கிட் செய்பவர்கள் 11 அங்குல டிஸ்க்கும் ஐந்து நட்டு ஹப்பும் வைத்து, குறுக்குச் சட்டத்தையும் அகலப்படுத்தித் தருவது இதற்காகத்தான்.

அகலப்படுத்துவதில்தான் கவனம் தேவை. கீழ்க் கை மேலும் கீழும் ஆடும்போது சக்கரம் ஒரு வளைவில் போகிறது. ஸ்டீயரிங் ராடு தன் மூட்டைச் சுற்றி வேறொரு வளைவில் போகிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால், ராடின் உள் மூட்டு, மேல் கையின் மூட்டுக்கும் கீழ்க் கையின் மூட்டுக்கும் நடுவே இழுத்த கோட்டில் வந்து நிற்க வேண்டும். குறுக்குச் சட்டத்தை மட்டும் நான்கு அங்குலம் நீட்டிவிட்டு ராக்கை அப்படியே விட்டால், அந்த உள் மூட்டு பக்கத்துக்கு இரண்டு அங்குலம் உள்ளே தங்கிவிடும். அப்புறம் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை அசைக்காமலே, மேடு ஏறும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். அமெரிக்க மெக்கானிக்குகள் இதை 'பம்ப் ஸ்டீர்' என்கிறார்கள்.

விவரம் தெரிந்த பட்டறையில் இதைச் சோதிப்பது ஒரு காட்சி. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஹப்பில் ஒரு தட்டையான பலகையைப் பூட்டுவார்கள். பலகையின் முன்னோரத்தில் ஒன்று, பின்னோரத்தில் ஒன்று என இரண்டு டயல் கேஜ். ஜாக்கியால் சக்கரத்தை ஓர் அங்குலம் தூக்கி இரு முள்ளையும் பார்ப்பார்கள், மறுபடி ஓர் அங்குலம். இரு முள்ளும் சேர்ந்தே நகர்ந்தால் சரி. ஒன்று ஓட, மற்றது நின்றுவிட்டால் எங்கோ அளவு தவறியிருக்கிறது. குறையை வெல்டிங்குக்கு முன்பே கண்டுபிடித்தால் அரை நாள் வேலை, பெயிண்ட் அடித்த பிறகு கண்டுபிடித்தால் தலைவலி.

இதனால்தான் ஒரு வண்டியின் கை, இன்னொன்றின் ஸ்பிண்டில், மூன்றாவதின் ராக் என்று பொறுக்கிச் சேர்ப்பது வேண்டாத வேலை. எடுத்தால் குடும்பத்தோடு எடுக்க வேண்டும். ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்க வேண்டிய ராக்கை இடம் இல்லையென்று அதே வாகில் பின்னால் வைத்தால், ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வண்டி இடப்பக்கம் போகும். வேடிக்கைக்குச் சொன்னதல்ல.

குடும்பத்தோடு எடுக்க வசதியானது வோலாரே. 1976-இல் பிளைமவுத் வோலாரேயும் அதன் இரட்டை டாட்ஜ் ஆஸ்பெனும் 'மோட்டார் டிரெண்ட்' இதழின் அந்த ஆண்டின் சிறந்த கார் விருதை வாங்கின. அதன்பின் அடுத்தடுத்துத் திரும்பப் பெற்றுப் பழுது பார்க்கும்படி ஆனது, முன் மட்கார்டு துருப்பிடிப்பது உட்பட. விருதுக் குழு என்ன பார்த்ததோ! ஆனால் அதன் முன் சஸ்பென்ஷன் கெட்டி. காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டிக்குக் குறுக்கே கிடக்கும் முறுக்குக் கம்பிகள். ஒரு போல்ட்டைத் திருகினால் வண்டியின் உயரம் ஏறும், இறங்கும். முழுத் தொகுதியும் ரப்பர் வைத்த நான்கு இடங்களில் பூட்டியிருப்பதால் அப்படியே இறக்கிவிடலாம். அகலமும் எஃப்-100-க்கு ஏறத்தாழ அச்சு அசல். டாட்ஜ் டிப்ளமேட் போன்ற கார்களில் 1989 வரை இதே அமைப்பு ஓடியது. குறை, ஆளரவமற்ற பழைய வண்டி யார்டுகளிலும் இப்போது இது அரிதாகிவிட்டது.

அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது போலீஸ் கார். ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவை 2003-இல் திருத்தியபோது, முன்பகுதியை அலுமினியத்தில் வார்த்த ஒரு தொட்டிலாகச் செய்து ராக் அண்ட் பினியனும் கொடுத்தார்கள். போல்ட்டைக் கழற்றினால் தொட்டில் முழுசாகக் கீழே வந்துவிடும். சுமார் 1,900 கிலோ காரைத் தாங்கிய உடம்பு அது, எஃப்-100 அதற்குச் சுமையே இல்லை. கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் கடைசி கார் 2011 செப்டம்பரில் இறங்கியது. அதுவரை போலீஸுக்கும் டாக்ஸிக்கும் அள்ளிக் கொடுத்ததால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை.

இங்கே அகலப் பிரச்சினை தலைகீழ். ஹப் மிகவும் வெளியே வருவதால், உள்ளே ஆழமாகப் போய் முகம் தட்டையாக நிற்கும் வீல்தான் பொருந்தும். பழைய பாணியில் குழிந்த குரோம் வீல்மேல் ஆசை வைத்தவர்கள் அதை மறந்துவிடலாம், டயர் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அலுமினியத்தை சேஸிஸ் இரும்போடு வெல்டிங் வைக்கவும் முடியாது. சட்டத்தில் இரும்புத் தகடு பதித்து, அதில்தான் போல்ட் போட வேண்டும். விபத்தில் முன்னால் அடிவாங்கிய காரின் தொட்டிலைத் தொடவே கூடாது. பட்ஜெட் கட்டுபவருக்கு இப்போதைக்கு இதுவே முதல் தேர்வு என்று தோன்றுகிறது.

செவ்ரோலெட் முகாமில் கதை வேறு. முன்பெல்லாம் கமாரோவின் முன்பாதிச் சேஸிஸையே வெட்டி ஒட்டினார்கள். கொஞ்சம் கோணினாலும் வண்டி நண்டுபோல ஒருக்களித்து ஓடும். இன்னும் சிலர் 1982-க்குப் பிறகு வந்த எஸ்-10 பிக்கப்பின் முழுச் சேஸிஸில் பழைய பாடியை உட்கார வைக்கிறார்கள். 1947-இல் அறிமுகமான அரை டன் செவ்ரோலெட்டின் சக்கர இடைவெளி 116 அங்குலம், நீள எஸ்-10-க்கு 117.9 என்பதால் அந்தக் கணக்கு நன்றாகவே வரும். அகலத்தில் மட்டும் எஸ்-10 ஒல்லி.

எதையும் மாற்றாதவர்களும் உண்டு. தேய்ந்த கிங் பின்னைப் புதுப்பித்து, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு செருகி கேஸ்டர் கோணத்தைக் கூட்டி, முன்னால் டிஸ்க் பிரேக் மாட்டினால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு ஐ-பீமே போதும். பாதிப் பேருக்கு இதற்குமேல் தேவையில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

மாற்றியவர்களுக்கு இன்னும் இரண்டு சில்லறை வேலை பாக்கி. எஃப்-100-இன் ஐந்து நட்டுகள் 5.5 அங்குல வட்டத்தில் இருக்கும், கிரவுன் விக்டோரியாவுக்கு 4.5. பின் ஆக்ஸிலையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் ஒரே ஸ்டெப்னி நான்கு சக்கரத்துக்கும் உதவாது. அலைன்மென்ட் கடையில் 1956 எஃப்-100 என்று சொன்னால், கணினி ஐ-பீமுக்கான கோணங்களைக் காட்டும். எந்த ஆண்டு, எந்தக் காரின் முன்பகுதி என்று ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் வைத்திருந்தால், பால் ஜாயின்ட் வாங்கப் போகும்போதும் அதையே நீட்டலாம்.