பவானியின் பூமீன்

தூண்டிலும் கையுமாக நதிக்கரையில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி நம் நாட்டில் நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டதே இல்லை. வயிற்றுப் பிழைப்புக்காக உட்கார்ந்திருந்தால், "பாவம்!" என்கிறோம். பொழுதுபோக்குக்காக உட்கார்ந்திருந்தால், "பெற்றவர்கள் பாவம்!" என்கிறோம். அமெரிக்கா தேசத்திலோ, தூண்டிற்காரன் ஏரியிலிருந்து திரும்பி வந்து மீனை நிறுத்துக் காட்டுவதைப் பார்க்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கிறார்கள்.

அங்கே 'பாஸ்' என்று ஒரு மீன் இருக்கிறது. பச்சை நிறம்; அகன்ற வாய். ஏரிகளிலே பாசிக்கும் முழுகிய மரங்களுக்கும் நடுவில் பதுங்கியிருந்து, கிட்ட வரும் தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து கவ்வுவது அதன் தொழில். 1967-ம் வருஷம் ஜூன் மாதத்தில், ரே ஸ்காட் என்னும் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர், அர்க்கன்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள பீவர் ஏரியில் இந்த மீனைப் பிடிப்பதற்கு ஒரு பந்தயம் ஏற்பாடு செய்தார். தலைக்கு 100 டாலர் கட்டிவிட்டு 106 பேர் வந்து சேர்ந்தார்கள். மறு வருஷம் சங்கம் ஏற்பட்டது. இன்று அந்தச் சங்கத்தின் பெரிய பந்தயத்தில் ஜயிப்பவருக்கு 3 லட்சம் டாலர் பரிசு. படகில் உட்கார்ந்தபடியே, ஜலத்துக்கு அடியில் மீன் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் யந்திரங்கள் வேறு வந்துவிட்டன. இவ்வளவு தடபுடலுக்கும் காரணமான மீனின் எடை எவ்வளவு என்று நேயர்கள் கேட்கலாம். இதுவரை அகப்பட்டவற்றில் மிகப் பெரியது 22 ராத்தல் 4 அவுன்ஸ். அது 1932-ல் ஜார்ஜியாவில் பிடிபட்டது. 2009-ல் ஜப்பான் தேசத்து பிவா ஏரியில் அதற்கு ஈடான மீன் ஒன்று அகப்பட்டபோது உலகத்துத் தூண்டிற்காரர்கள் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள்.

இனி நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். காவேரியின் உபநதியாகிய கபினியில், 1946-ம் வருஷம், மைசூர்வாசியான வான் இன்கென் என்பவர் தூண்டிலில் பிடித்த மீனின் எடை 120 ராத்தல். அதாவது அமெரிக்காவின் மகா வீரனைப் போல் ஐந்து மடங்குக்கு மேல்! அந்த மீனின் ஜாதி நம் கொங்கு நாட்டில், மோயாற்றில், இன்னும் உயிரோடு இருக்கிறது. கோயமுத்தூர் வாசிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இங்கிலீஷ்காரர்கள் அதை 'மஹ்ஸீர்' என்பார்கள். தமிழில் பூமீன், அல்லது பூமீன் கெண்டை. வெள்ளைக்காரர்களுக்கு அதன் மேல் அபாரப் பிரேமை. சென்னை மாகாணத்து ஸிவில் உத்தியோகஸ்தரான ஹென்றி ஸல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியாவின் தூண்டிலைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதி, அதிலே இந்த மீனுக்குச் சிங்காசனம் போட்டுக் கொடுத்தார். மீன் சாஸ்திரியான பிரான்ஸிஸ் டே, 1877-ல் வேறொரு சிறு கெண்டைக்குப் பவானி நதியின் பெயரையே லத்தீனாக்கி 'போவானிகஸ்' என்று நாமகரணம் செய்தார். கோயமுத்தூர் ஜில்லாவின் பெரிய விவரப் புத்தகத்தை 1887-ல் தொகுத்து வெளியிட்ட பிரெடெரிக் நிக்கல்ஸன்தான் பிற்பாடு மாகாணத்தின் மீன் இலாகாவுக்கு அஸ்திவாரம் போட்டவர். அந்நியர்கள் நம் ஆற்றைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்துவிட்டுப் போன பிறகும், நாம் கொடிவேரி அணைக்குப் போனால் அருவியில் குளித்துவிட்டு, வறுத்த மீன் வாங்கித் தின்றுவிட்டு, ஆற்றில் என்ன இருக்கிறதென்று ஏறிட்டுப் பாராமலே வண்டி ஏறுகிறோம்.

பூமீனைப் பிடிக்கும் வித்தையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். காவேரிக்கரைத் தூண்டிற்காரர்கள் அதற்கு வைக்கும் இரை என்ன தெரியுமோ? ராகி! ராகி மாவைக் களியாகக் கிண்டி, எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி, முள்ளில் குத்திப் பாறைகளுக்கு நடுவே எறிகிறார்கள். கொங்கு நாட்டானுக்கும் பூமீனுக்கும் போஜன விஷயத்தில் இப்படி ஒரு பந்துத்வம் இருக்கிறது. நண்டும் சிறு மீனும் கரை மரங்களிலிருந்து உதிரும் பழமும் அதற்கு ஆகும். அதன் தாடையில் பல் கிடையாது. பல் எல்லாம் தொண்டைக்குள்ளே. நத்தை ஓட்டையும் நண்டு ஓட்டையும் அங்கேதான் நொறுக்குகிறது. சாதாரண முள்ளானால் அதையும் நசுக்கித் துப்பிவிடும் என்று அநுபவசாலிகள் சொல்லுகிறார்கள்.

இரையைக் கவ்வியதும் அது செய்கிற முதல் ஓட்டந்தான் தூண்டிற்காரனுடைய ஆயுளில் பாதியை எடுத்துக்கொள்ளும். சுழலையும் பாறையையும் லட்சியம் செய்யாமல், நூறு கஜத்துக்குக் குறையாமல் நரம்பை உருவிக்கொண்டு பிரவாகத்தோடு கீழே பாயும். இழுத்துப் பிடித்தால் நரம்பு அறும். விட்டால் பாறையில் உராய்ந்து அறும். ஆகையால் அந்தக் காலத்திலிருந்தே கெட்டிக்காரர்கள் ஓர் உபாயம் செய்துவந்தார்கள். பரிசலில் ஏறிக்கொண்டு மீனின் பின்னாலேயே போவது! மீன் இழுத்த இழுப்புக்குப் பரிசல் சுழலும். துடுப்புக்காரனுடைய சாமர்த்தியத்தில் பாதி ஜயம்.

இந்த மீனின் கதையில் ஒரு விநோதம் உண்டு. உலகமெல்லாம் புகழ் பெற்ற இதற்குச் சாஸ்திரப் பெயர் எதுவென்று 2018 வரையில் நிச்சயமாகவில்லை. அந்த வருஷந்தான், கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவரும் இடம்பெற்ற ஓர் ஆராய்ச்சிக் குழுவினர், மோயாற்றில் கிடைத்த மீன்களை நுணுகிப் பரிசோதித்து விடை கண்டார்கள். நம் அமராவதிக்கு ஜலம் கொண்டுவரும் பாம்பாற்றில், கேரள எல்லைக்குள் அகப்பட்ட மீன்களுக்கு, ரமாதேவி என்னும் விஞ்ஞானி அம்மையாரின் பெயரைச் சார்ந்து 'டோர் ரமாதேவீ' என்று முன்பே பெயரிட்டிருந்தார்கள். முதுகில் திமிலுள்ள காவேரி ராக்ஷஸனும் அதே ஜாதிதான் என்று இப்போது ஏற்பட்டது. பெயர் கிடைத்த அதே வருஷத்தில், அடியோடு அழிந்துபோகும் அபாயத்தில் இருக்கும் ஜீவன் என்ற சர்வதேசப் பட்டியலிலும் அது சேர்ந்தது. பெயர் சூட்டு விழாவும் அபாய அறிவிப்பும் ஒன்றாகவே நடந்தன!

அபாயத்துக்குக் காரணங்கள் பல. மழைக்காலத்தில் பூமீன் மேலாற்றுக்கு ஏறிச் சென்று, கூழாங்கல் தரையில் முட்டையிடும் வழக்கமுள்ளது. 1934-ல் மேட்டூர் அணையும், 1955-ல் பவானிசாகரும் எழுந்து வழியை அடைத்தன. அணைகளால் நம் வயல்கள் விளைந்தன. அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. வெடி வைத்து மீன் பிடிப்பவர்களைத்தான் குறை சொல்லவேண்டும். 1897-ம் வருஷத்துச் சட்டமே வெடியையும் விஷத்தையும் தடுத்திருக்கிறது. சட்டம் இருந்தென்ன? ஒரு வெடியில் தாயும் குஞ்சும் சேர்ந்து மிதக்கின்றன.

இன்னொரு காரணம் நல்லெண்ணத்திலே பிறந்தது. 1970-களிலிருந்து, லோணாவ்லாவில் பொரித்த நீலச் சிறகுப் பூமீன் குஞ்சுகளைக் காவேரியில் கொண்டுவந்து விட்டார்கள். அது வேறு ஜாதி என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அதன் பலனை வெளிப்படுத்தியது ஒரு தூண்டிற்காரர் முகாமின் கணக்குப் புஸ்தகம். கர்நாடகத்துக் கலிபோரே முகாமில், பிடித்த மீனை எடை பார்த்து, எழுதிவிட்டு, உயிரோடு ஆற்றில் விட்டுவிடுவது விதி. 1998 முதல் 2012 வரை அங்கே தூண்டில் போட்ட நேரம் 23,620 மணி. பிடித்து விட்டவை 6,161 மீன்கள். அந்த ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, நீலச் சிறகு மீன் பெருகிக்கொண்டே போனதும், திமில் மீன் குறைந்துகொண்டே வந்ததும் தெரிந்தன. அகப்பட்ட சில திமில் மீன்களும் வரவரப் பெரியவையாகவே இருந்தன. கிழவர்கள் மட்டும் மிஞ்சி, குழந்தைகள் இல்லாமற் போன கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண்டிற்காரன் நோட்டுப் புஸ்தகம் வைத்திராவிட்டால் இந்தச் செய்தி யாருக்கும் தெரிந்திராது.

மேற்படி ரே ஸ்காட்டும் இதே வழிக்கு வந்தவர்தான். பந்தயம் பெருகப் பெருக, செத்த மீன்களைக் கோத்துத் தொங்கவிடும் காட்சி அருவருப்பை உண்டாக்கிற்று. 1972-ல் அவர் "பிடித்ததைக் கொல்லாதே" என்று விதி செய்து, படகிலேயே ஜலத்தொட்டி வைத்து, மீனை உயிரோடு நிறுத்துத் திரும்பவும் ஏரியில் விடச் செய்தார். நமக்கு இது புதிதா? சிருங்கேரியில் துங்கை நதிப் படித்துறையில், பெரிய பூமீன்கள் யாத்ரிகர் கைப் பொரிக்கு வாய் திறந்து நிற்கின்றன. அங்கே தூண்டில் போட ஒருவனுக்கும் துணிவு வராது.

மோயாறு சத்தியமங்கலம், முதுமலைப் புலிக் காப்பகங்களின் ஊடே ஓடுகிறது. அங்கே தூண்டில் எடுத்துப் போவது குற்றம், அப்படியே இருக்கட்டும். பூமீனுக்கு நம் காலத்தில் பந்தயம் வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். கை அரிப்பவர்களுக்கு விரால் இருக்கிறது.

அமெரிக்காவின் பாஸுக்கு நம் ஊரில் அண்ணன் உண்டென்றால் அது விரால்தான். அதே பதுங்கல், அதே பாய்ச்சல். அல்லித் தழைகளின் ஓரத்தில், வெயில் ஏறுமுன், ரப்பர்த் தவளையை எறிந்து மெல்ல மெல்ல இழுக்கவேண்டும். விரால் காற்றைக் குடிக்க மேலே வரும். அந்தக் குமிழியைக் கண்டுகொள்ளுகிறவன் பாதி வித்தை கற்றவன். தவளையைக் கவ்வியவுடன் வெடுக்கென்று இழுப்பது புதியவன் செய்வது. மூன்று எண்ணிவிட்டு இழுக்கிறவனுக்கே மீன். ஆனால் தண்ணீர் மட்டத்தில் செம்மஞ்சளாக ஒரு பந்து கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். அது விரால் குஞ்சுகளின் கூட்டம். தாயும் தகப்பனும் கீழே காவல் இருக்கும். காவல் மூர்க்கத்தில் அவை எதையும் கவ்வும். அந்தச் சமயத்தில் பிடிப்பது ஆண்மையல்ல. பெற்றோர் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு பகலில் தீர்த்துவிடும்.

பந்தயம் நடத்தியே தீரவேண்டுமானால் நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையும், வளர்க்கக் கூடாதென்று சர்க்காரே தடுத்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நம் குளங்களை ஆக்கிரமித்திருக்கின்றன. மாநகராட்சியாரின் அநுமதியோடு சிங்காநல்லூர்க் குளத்திலோ உக்கடத்திலோ அவற்றுக்குப் பந்தயம் வைக்கட்டும். அதிகம் பிடித்தவருக்குப் பரிசு. ஒன்றைக்கூடத் திரும்ப விடக்கூடாது. ஒவ்வொன்றும் கணக்கில் ஏறவேண்டும். நகரத்துச் சாக்கடை கலக்கும் குளத்து மீனைச் சமையலறைக்குக் கொண்டுபோகவேண்டாமென்று மட்டும் முன்ஜாக்கிரதையாகச் சொல்லி வைக்கிறோம்.

பந்தயமென்றால் படகு வேண்டும். லட்சக்கணக்கில் பணம் போட்டு யந்திரப் படகு வாங்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. பவானிசாகரிலும் ஒகேனக்கலிலும் ஓடும் பரிசலைப் போன்ற வாகனம் வேறில்லை. பழைய பரிசல் ஒன்று வாங்க நினைப்பவர்கள் முதலில் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கவேண்டும். பின்னிய மூங்கில் வரிச்சுகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். மாவு உதிர்ந்தால் பூச்சி புகுந்துவிட்டது, திரும்பி வந்துவிடலாம். வாய் விளிம்பின் கட்டுகள் இறுக்கமாக இருக்கவேண்டும், அங்கேதான் முழுப் பாரமும் விழுகிறது. முற்காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது தார் பூசிய துணியோ பிளாஸ்டிக் தாளோ போர்த்துகிறார்கள். தார் வெடித்திருந்தால் குற்றமில்லை, திரும்பப் பூசிக்கொள்ளலாம். ஆனால் புதுத் தார் பளபளவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள், அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள். பிறகு ஜலத்தில் விட்டு இரண்டு பேர் ஏறி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். பாதம் நனைந்தால் விலையைக் குறைக்கலாம். கணுக்கால் நனைந்தால் பேரத்தையே விட்டுவிடலாம். மிதவைச் சட்டையை மறக்கக்கூடாது. துடுப்பு விலையில் சேர்த்தியா என்பதையும் முன்பணம் கொடுக்குமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.